பேஸ்மேக்கர் மேல் தோல் சிவந்தால்: இதயக் கருவி வைத்தவர்களுக்கான கிருமித்தொற்று வழிகாட்டி

“கொசு கடிச்சிருக்கும், விடுப்பா” என்றார் அப்பா.

இடது காறை எலும்புக்குக் கீழே, பேஸ்மேக்கர் பெட்டியின் ஓரத்தில், ஐந்து காசு நாணயம் அளவுக்கு ஒரு சிவப்பு. சிங்கப்பூரின் ஈசூனில் கொசுவுக்கா பஞ்சம்? நானும் நம்பிவிட்டேன். பேட்டரி மாற்றி நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. இரண்டு நாளில் லேசாக வீங்கியதும் எங்கள் புளோக்குக்குப் பக்கத்தில் இருந்த ஒரு மருந்தகத்து (கிளினிக்) டாக்டரிடம் போனோம். ஒரு வாரத்துக்கு ஆன்டிபயாடிக் மாத்திரை கொடுத்தார்கள். சிவப்பு மறைந்தது. அப்பா பழையபடி டாக்ஸி ஓட்டப் போய்விட்டார். ஏழாவது வாரம் ஒரு காலையில் பனியனில் ஈரம். விலக்கிப் பார்த்தால் தோல் விரிந்து, வெள்ளி நிறத்தில் பெட்டியின் மூலை வெளியே தெரிந்தது.

அன்று அவசரப் பிரிவில் பார்த்த டாக்டர் சொன்னார்: “வெளியே தெரியறது கடைசிக் கட்டம். உள்ளே எப்பவோ ஆரம்பிச்சிருக்கும். அந்த மாத்திரை அதை மூடி வெச்சிருக்கு, அவ்வளவுதான்.”

நான் மருத்துவன் இல்லை. அப்பாவோடு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்து, கண்ணில் பட்ட டாக்டர்களையும் தாதியரையும் கேள்வி கேட்டுத் துளைத்து, கிடைத்ததையெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். உங்கள் டாக்டர் சொல்வது இதற்கு மாறாக இருந்தால் அவர் சொல்வதைக் கேளுங்கள். அவசரமாக வந்தவர்கள் நேராக ஆறாம் படிக்குப் போய்விடுங்கள். மற்றதை அப்புறம் படிக்கலாம்.

முதல் படி: உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

பேஸ்மேக்கர், ஆபத்தான துடிப்பு வந்தால் அதிர்ச்சி கொடுத்துச் சரிசெய்யும் ஐசிடி, பலவீனமான இதயத்தின் இரு பக்கத்தையும் ஒத்துத் துடிக்க வைக்கும் சிஆர்டி, எல்லாவற்றுக்கும் அமைப்பு ஏறத்தாழ ஒன்றுதான். தோலுக்கு அடியில் ஒரு சின்னப் பை போல இடம் செய்து அதில் பெட்டியை வைக்கிறார்கள். பெட்டியிலிருந்து ஒன்று, இரண்டு அல்லது மூன்று கம்பிகள் ரத்தக்குழாய் வழியாக இதயத்துக்குள் போகின்றன. நாம் தொட்டுப் பார்ப்பது பெட்டியை மட்டும். கம்பி இரவும் பகலும் ரத்தத்தில் மிதந்துகொண்டிருக்கிறது.

ஆகவே கிருமி இரண்டு வழியில் வரலாம். ஒன்று, அறுவையின்போது நம் தோலில் இருக்கும் கிருமியே பைக்குள் போய் உட்கார்ந்து, மெல்லக் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே நகர்வது. இரண்டு, காலில் ஒரு புண், டயாலிசிஸ் குழாய், சிறுநீர்த் தொற்று என்று வேறெங்கோ தொடங்கி, ரத்தத்தில் கலந்து கம்பியில் ஒட்டிக்கொள்வது. பத்தில் ஆறிலிருந்து எட்டுத் தொற்றுகள் வரை ஸ்டெஃபிலோகாக்கஸ் குடும்பத்துக் கிருமிகளால் வருகின்றன. நம் மூக்கிலும் தோலிலும் சாதுவாகக் குடியிருப்பவைதான் இவை.

மாத்திரை ஏன் பலிப்பதில்லை? உலோகத்திலும் ரப்பர் போன்ற கம்பி உறையிலும் ஒட்டியதும் இந்தக் கிருமிகள் தங்களைச் சுற்றி வழவழப்பான ஒரு படலத்தைக் கட்டிக்கொள்கின்றன. மீன் தொட்டியைக் கழுவாமல் விட்டால் கண்ணாடியில் பிடிக்குமே பாசி, அது மாதிரி. தண்ணீரை மாற்றினால் பாசி போகுமா? மருந்து ரத்தத்தில் மிதக்கும் கிருமிகளைக் கொல்லும். காய்ச்சல் இறங்கும், சிவப்பு குறையும். படலத்துக்குள் இருப்பவை மருந்து நிற்கும் வரை காத்திருக்கும்.

இதில் ஒரு பழைய கதை உண்டு. 1950களில் துடிப்பு கொடுக்கும் இயந்திரம் உடம்புக்கு வெளியே இருந்தது. கம்பி தோலைத் துளைத்து உள்ளே போகும். அந்தத் துளை வழியே கிருமியும் போகும். இதற்கு ஒரு முடிவு கட்டத்தான் ஸ்வீடனில் ஆக்கே சென்னிங் என்ற அறுவை மருத்துவரும் ரூனே எல்ம்குவிஸ்ட் என்ற பொறியாளரும் எல்லாவற்றையும் தோலுக்கு உள்ளேயே வைத்துவிட முயன்றார்கள். 1958 அக்டோபரில் ஆர்னே லார்சன் என்பவருக்கு வைத்த முதல் கருவி சில மணி நேரமே ஓடியது. அவரோ கருவி மேல் கருவியாக மாற்றிக்கொண்டு 2001 வரை, 86 வயது வரை வாழ்ந்தார். கிருமிக்குப் பயந்து உள்ளே போன பெட்டி இது. உள்ளேயும் கிருமி வரும் என்பதுதான் நாம் படும் பாடு.

இரண்டாம் படி: உங்கள் ஆபத்து எவ்வளவு என்று கணக்குப் பாருங்கள்

பயப்பட வேண்டாம், இது அடிக்கடி வருவதல்ல. முதல்முறை சாதாரண பேஸ்மேக்கர் வைப்பவர்களில் நூற்றுக்கு ஒருவர் என்ற அளவில்தான் வருகிறது. ஆனால் பேட்டரி மாற்றம், கூடுதல் கம்பி, பேஸ்மேக்கரிலிருந்து சிஆர்டிக்கு மாறுதல் என்று போனால் கூடுகிறது. பழைய பையைச் சுற்றித் தழும்புத் திசு வளர்ந்திருக்கும். அதில் ரத்த ஓட்டம் குறைவு. திறந்ததும் உள்ளே வரும் கிருமியை எதிர்க்க ஆள் இல்லை. “பேட்டரிதானே, அரை மணி நேர வேலை” என்று எங்கள் வீட்டில் எல்லாரும் அலட்சியமாக இருந்தோம். கத்தி வைப்பது சின்ன வேலைதான். கிருமி விஷயத்தில் முதல் அறுவையைவிட அதற்குத்தான் அதிகக் கவனம் வேண்டும்.

டாக்டர்கள் பார்க்கும் முக்கியமான ஐந்து விஷயங்கள்: இதற்கு முன் எத்தனை முறை அதே பை திறக்கப்பட்டது, வயது, சிறுநீரகம் எப்படி, நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்திருக்கிறதா, இப்போது செய்யப்போவது எந்த வகை அறுவை. வயது கூடினால் ஆபத்தும் கூடும் என்று நினைப்போம். இந்தக் கணக்கில் இளையவர்களுக்குத்தான் ஆபத்து மதிப்பெண் கூடுதல். எனக்கும் இது வியப்பாகத்தான் இருந்தது.

இவற்றோடு சர்க்கரையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூரில் 2016ல் சுகாதார அமைச்சு நீரிழிவுக்கு எதிராகப் போர் என்றே அறிவித்தது. இந்தியர்களுக்கு அந்த வியாதி மற்றவர்களைவிட அதிகம் என்பது நம் கல்யாண வீடுகளைப் பார்த்தாலே தெரியும். டயாலிசிஸ் செய்பவர்கள் தனி ரகம். வாரம் மூன்று முறை ரத்தக்குழாய்க்குள் வழி திறக்கப்படுகிறது. அதுவும் கழுத்தில் குழாய் வைத்திருப்பவர்களுக்கு ஆபத்து மிகவும் அதிகம். கையில் ரத்தக்குழாய்களை இணைத்து டயாலிசிஸுக்கு வழி செய்யும் ஃபிஸ்டுலா போட முடியுமா என்று சிறுநீரக டாக்டரிடமும் இதய டாக்டரிடமும் சேர்த்தே கேளுங்கள். இரண்டு பேரும் ஒருவரோடொருவர் பேசிக்கொண்டிருப்பார்கள் என்று நாமாக நினைத்துக்கொள்ளக் கூடாது. கருவி ஒரு பக்கம், ஃபிஸ்டுலா மறு பக்கம் என்று முடிவெடுப்பது அந்தப் பேச்சில்தான் நடக்கும்.

மூன்றாம் படி: அறுவைக்கு முந்தைய இரண்டு வாரம்

உடம்பை அலசிப் பாருங்கள். கால் விரலிடுக்கில் சேற்றுப்புண், ஆட்டம் காணும் பல், அக்குளில் கட்டி, சிறுநீர் எரிச்சல் எது இருந்தாலும் முன்கூட்டியே சொல்லிச் சரிசெய்யுங்கள். அறுவைக்கு முந்தைய 24 மணி நேரத்தில் காய்ச்சல் இருந்தால் மறைக்காதீர்கள். “தேதி போயிடும், அடுத்த தேதி எப்ப கிடைக்குமோ” என்று பனடோல் போட்டு மறைத்துக்கொண்டு போகிறவர்கள் உண்டு. அவசரம் இல்லாத அறுவை என்றால் காய்ச்சல் தீரும் வரை தள்ளிப் போடுவதுதான் வழக்கம், அதுதான் நல்லதும்.

நெஞ்சு முடியை நீங்களே பிளேடால் வழிக்காதீர்கள். கண்ணுக்குத் தெரியாத கீறல்களில் கிருமி குடியேறும். தேவையென்றால் ஆஸ்பத்திரியில் கிளிப்பரால் எடுப்பார்கள். கிருமிநாசினிச் சோப்புத் திரவம் கொடுத்து முந்தின இரவும் காலையும் குளிக்கச் சொன்னால், அப்படியே செய்யுங்கள். குளித்த பிறகு விபூதி, சந்தனம், பவுடர் எதுவும் நெஞ்சில் வேண்டாம். நெற்றியில் இருக்கட்டும், யாரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

ரத்தத்தை நீர்க்க வைக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் இந்த இடத்தில் நிறுத்திப் படிக்க வேண்டும். அறுவைக்குப் பிறகு பைக்குள் ரத்தம் தேங்கிக் கட்டிக்கொண்டால் அது கிருமிக்கு விருந்து. அப்படிப் பெரிதாக ரத்தம் கட்டியவர்களுக்கு அடுத்த ஓராண்டில் கடுமையான தொற்று வரும் ஆபத்து ஏழு மடங்குக்கும் மேல் என்று கனடாவில் நடந்த ஆய்வில் தெரியவந்தது. முன்பெல்லாம் வார்ஃபரின் என்ற அந்த மாத்திரையை நிறுத்திவிட்டு, அதற்குப் பதில் ரத்தத்தை நீர்க்க வைக்கும் ஹெப்பாரின் ஊசி போடுவார்கள். 2013ல் வெளியான அதே குழுவின் ஆய்வில், ஹெப்பாரினுக்கு மாறியவர்களில் 16 விழுக்காட்டினருக்கு ரத்தம் கட்டியது. வார்ஃபரினைத் தொடர்ந்தவர்களில் 3.5 விழுக்காடுதான். அதற்காக எல்லாரும் தொடரலாம் என்றோ நிறுத்தலாம் என்றோ நான் சொல்லவில்லை. எந்த மாத்திரை, எந்த நாள் வரை என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அண்டை வீட்டு மாமா நிறுத்தினார் என்று நீங்களும் நிறுத்தாதீர்கள்.

இன்னொன்று, கொஞ்சம் சங்கடமான விஷயம். மூட்டுவலிக்கு என்று யாரோ கொடுத்த பெயர் தெரியாத சூரணம், ஜொகூரில் வாங்கிய மாத்திரை, இணையத்தில் வந்த ‘மூலிகை’ மருந்து எதையாவது சாப்பிடுகிறீர்களா? இப்படிப்பட்ட பொருள்களில் ஸ்டீராய்டு கலந்திருப்பதாக சுகாதார அறிவியல் ஆணையம் பல முறை எச்சரித்திருக்கிறது. ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும். திட்டுவார்களோ என்று பயப்படாமல் பொட்டலத்தைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.

நான்காம் படி: டாக்டரிடம் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

கத்தி வைப்பதற்கு முன் ஆன்டிபயாடிக் ஊசி உண்டா? பெரும்பாலும் செஃபசோலின், ஒரு மணி நேரத்துக்குள் போடுவார்கள். பென்சிலின் ஒவ்வாமை இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள். அறுவைக்கு முன்னால் போடும் இந்த ஊசிதான் முக்கியம். 2018ல் வெளியான ஆய்வு ஒன்றில் பத்தொன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளிடம், கூடுதலாக மருந்து கொடுத்தால் தொற்று குறைகிறதா என்று பார்த்தார்கள். குறிப்பிடும்படி குறையவில்லை. ஆகவே வீட்டுக்கு அனுப்பும்போது ஆன்டிபயாடிக் கொடுக்கவில்லையே என்று கோபப்பட வேண்டியதில்லை.

எனக்குக் கிருமி எதிர்ப்பு உறை தேவையா? இது மினோசைக்ளின், ரிஃபாம்பின் என்ற இரண்டு மருந்து தோய்த்த வலை. பெட்டியை அதற்குள் போட்டு வைப்பார்கள். சில வாரங்களில் வலை தானாகக் கரைந்துவிடும். 2019ல் வெளியான ஆய்வில் ஆபத்து அதிகமுள்ள ஏறத்தாழ ஏழாயிரம் பேரில், ஓராண்டில் கடுமையான தொற்று உறை இல்லாதவர்களுக்கு 1.2 விழுக்காடு, உறை போட்டவர்களுக்கு 0.7. முதல்முறை சாதாரண பேஸ்மேக்கர் வைப்பவருக்கு இது அவசியம் என்று யாரும் சொல்வதில்லை. பேட்டரி மாற்றம், சிஆர்டி, சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு என்று சேர்ந்து வருபவர்கள் கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை. நாங்கள் கேட்கவில்லை. அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

கம்பி இல்லாத கருவி எனக்குச் சரிப்படுமா? தொடை ரத்தக்குழாய் வழியாக நேராக இதயத்துக்குள் வைக்கும் மாத்திரை அளவு பேஸ்மேக்கர் இப்போது உண்டு. தோலுக்கடியில் பையும் இல்லை, கம்பியும் இல்லை. தொற்று மிக அரிது. எல்லார் இதயத் துடிப்புக் கோளாறுக்கும் அது பொருந்தாது. டயாலிசிஸ் செய்பவர்களும் ஏற்கெனவே தொற்று வந்தவர்களும் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி.

ஐந்தாம் படி: வீட்டுக்கு வந்த பிறகு

முதல் பத்து நாள் காயம் நனையக் கூடாது, அல்லது உங்கள் தாதி சொன்ன நாள் வரை. நம் ஊர் புழுக்கத்தில் கட்டுக்குள் வியர்க்கும், அரிக்கும். காற்றாடியை வையுங்கள், தளர்வான பருத்தி உடை போடுங்கள், கட்டைத் தூக்கிப் பார்க்காதீர்கள். கட்டு நனைந்துவிட்டால் அல்லது பிரிந்துவிட்டால் வீட்டில் இருக்கும் பஞ்சை வைத்து ஒட்டாமல் பலதுறை மருந்தகத்திலோ (பாலிகிளினிக்) ஆஸ்பத்திரியிலோ மாற்றிக்கொள்ளுங்கள். எண்ணெய்க் குளியல் காயம் முழுக்க ஆறும் வரை வேண்டாம். மஞ்சள் பற்று, வேப்பிலை அரைத்தது, கோடாலித் தைலம் மூன்றுக்கும் அந்த இடத்தில் தடை. மஞ்சள் கிருமிநாசினிதானே என்று எங்கள் அத்தை வாதாடினார். குழம்பில் போடுங்கள் என்று சொல்லி அனுப்பினோம்.

கையைத் தோளுக்கு மேல் தூக்குவது, கனமான பை தூக்குவது எல்லாம் நான்கிலிருந்து ஆறு வாரம் வேண்டாம் என்பார்கள். அதற்காகக் கையைத் தொட்டில் கட்டி அசையாமல் வைத்திருந்தால் தோள் இறுகிவிடும். மெதுவாக அசைத்துக்கொண்டே இருக்கலாம். பெட்டியை விரலால் உருட்டிப் பார்க்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. அப்படி உருட்டி உருட்டிக் கம்பியே முறுக்கிக்கொண்டு இடம் மாறியவர்கள் இருக்கிறார்கள். கம்பி இடம் மாறினால் மறுபடி திறக்க வேண்டும். முதல் அறுவை முடிந்து சில வாரத்துக்குள் மறுபடி திறப்பதுதான் தொற்றுக்கு மிக ஏற்ற நேரம்.

வாரம் ஒரு முறை, நல்ல வெளிச்சத்தில், அந்த இடத்தைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முதியவர்களுக்குத் தங்கள் நெஞ்சை எட்டிப் பார்ப்பதே கஷ்டம். நேற்றைக்கும் இன்றைக்கும் வித்தியாசம் தெரியாது. மூன்று வாரத்துப் படங்களை வரிசையாகப் பார்த்தால் தெரியும். எங்களுக்கு யாராவது இதை முன்பே சொல்லியிருந்தால் அந்தக் கொசுக்கடியைக் கண்டுபிடித்திருப்போம்.

அப்புறம், ஆண்டுக்கணக்கில் வாழ வேண்டுமே. பல் வைத்தியத்துக்கு முன் ஆன்டிபயாடிக் சாப்பிட வேண்டுமா என்று பலரும் கேட்பார்கள். பேஸ்மேக்கர் மட்டும் இருப்பவர்களுக்குத் தேவையில்லை என்பதே அமெரிக்க இதயச் சங்கத்தின் பரிந்துரை. செயற்கை வால்வு இருப்பவர்கள், முன்பு இதயத்துக்குள் தொற்று வந்தவர்கள் கதை வேறு. அவர்கள் கேட்டுத்தான் செய்ய வேண்டும். மாத்திரை சாப்பிடுவதைவிடத் தினமும் ஒழுங்காகப் பல் துலக்குவதும் ஈறில் ரத்தம் வராமல் பார்த்துக்கொள்வதும்தான் பயன்.

சர்க்கரை உள்ளவர்கள் தினமும் பாதத்தைப் பாருங்கள். கோயிலுக்குள் வெறுங்காலோடு நடக்கும் நமக்கு ஒரு சின்னக் கீறலும் தெரியாமலே போகும். சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலில் தீ மிதிப்பதாக நேர்ந்துகொண்டவர்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்குங்கள்.

தைப்பூசத்துக்கு அலகு குத்துவது பற்றி நிறையப் பேர் வெட்கப்பட்டுக்கொண்டு கேட்பதே இல்லை. தோலைப் பல இடங்களில் துளைப்பது ரத்தத்துக்குள் கிருமி போக வழி திறப்பதுதான். அதோடு காவடிச் சட்டம் தோளிலும் நெஞ்சிலும் அழுத்தி உட்காருகிறது. பெட்டிக்கு மேலே இருக்கும் தோல் ஏற்கெனவே மெல்லியது. சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோட்டு தண்டாயுதபாணி கோயில் வரை அந்தப் பாரத்தோடு நடப்பதை நினைத்துப் பாருங்கள். அப்பா இருபது ஆண்டு காவடி எடுத்தவர். இப்போது பால்குடம் எடுக்கிறார். முருகன் ஒன்றும் கோபித்துக்கொள்ளவில்லை.

சீன வைத்தியத்தில் ஊசி குத்துவது, கப்பிங், அழுத்தி உருவுவது எதுவும் பெட்டிக்குப் பக்கத்தில் கூடவே கூடாது. உணவிலும் ஒன்று: 2015ல் இங்கே பச்சை நன்னீர் மீன் சாப்பிட்டவர்களுக்கு குரூப் பி ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமி ரத்தத்தில் கலந்தது நினைவிருக்கும். அந்த ஆண்டு இறுதியில், சமைத்து விற்கும் கடைகளில் நன்னீர் மீனைப் பச்சையாகப் பரிமாறுவதற்கே தடை வந்தது. உடம்புக்குள் கம்பி வைத்திருப்பவர்கள் பச்சை மீனை மறந்துவிடுவது நல்லது.

ஆறாம் படி: சிவந்தால், வீங்கினால், காய்ச்சல் வந்தால்

இந்த அறிகுறிகளை வீட்டில் எல்லாருக்கும் சொல்லி வையுங்கள். பெட்டியின் மேல் சிவப்பு, சூடு, வீக்கம், புதிதாக வலி. காயத்திலிருந்து நீர் அல்லது சீழ். தோல் மெலிந்து பளபளவென்று ஆவது, நீலம் பாய்வது, தோல் பெட்டியோடு ஒட்டிக்கொண்டு நகராமல் இருப்பது. பெட்டியோ கம்பியோ வெளியே தெரிவது. வலியே இல்லாவிட்டாலும், சீழே இல்லாவிட்டாலும், வெளியே தெரிந்தால் அது தொற்றுதான்.

பையில் ஒன்றுமே தெரியாமலும் வரலாம். காரணம் தெரியாத காய்ச்சல், குளிர் நடுக்கம், சில வாரமாகப் பசியின்மை, எடை குறைவு, விடாத முதுகுவலி, ஆறாத இருமல். வயதானவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமல் வெறும் சோர்வாகவும் தடுமாற்றமாகவும்கூட இருக்கும். கம்பியில் வளர்ந்த கிருமிக் கட்டி உடைந்து நுரையீரலுக்குப் போய், நிமோனியா என்று வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் உண்டு.

வீட்டில் வைத்திருக்கும் தொலைக்கண்காணிப்புப் பெட்டி பச்சை விளக்கு காட்டுகிறதே என்று நிம்மதி அடையாதீர்கள். அது பேட்டரியையும் துடிப்பையும் பார்க்கும். கிருமியைப் பார்க்காது. அப்பாவின் பெட்டி வெளியே வந்த அன்றுகூடக் கருவி அருமையாக ஓடிக்கொண்டிருந்தது.

செய்ய வேண்டியது: கருவி வைத்த ஆஸ்பத்திரியின் கருவிப் பிரிவுக்கு அன்றே தொலைபேசுங்கள். தேசிய இருதய நிலையமோ, தேசியப் பல்கலைக்கழக இருதய நிலையமோ, டான் டோக் செங்கோ, எங்கே வைத்தீர்களோ அங்கே. வார இறுதியென்றால், காய்ச்சலோ சீழோ இருந்தால், திங்கள் வரை காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். மயக்கம், மூச்சுத் திணறல், குளிர் நடுக்கத்தோடு குழப்பமான பேச்சு என்றால் 995ஐ அழைத்து ஆம்புலன்ஸ் கேளுங்கள். அந்த ஆம்புலன்ஸ் நமக்குப் பிடித்த ஆஸ்பத்திரிக்கு அல்ல, பக்கத்தில் இருக்கும் பொருத்தமான ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்; ஆகவே கருவி வைத்தபோது கொடுத்த கருவி அட்டையை, மருந்துப் பட்டியலோடு சேர்த்துக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

செய்யக் கூடாதது: அழுத்திச் சீழ் எடுப்பது. ஊசி விட்டு நீரை உறிஞ்ச யாரையும் அனுமதிப்பது; அதுவரை சுத்தமாக இருந்த பைக்குள் ஊசியே கிருமியைக் கொண்டுபோகலாம். எல்லாவற்றுக்கும் மேல், ரத்தத்தில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் பிளட் கல்ச்சர் பரிசோதனைக்கு முன் ஆன்டிபயாடிக் சாப்பிடுவது. ஊரிலிருந்து வரும்போது திருச்சியில் வாங்கிய அமாக்சிசிலின் பட்டை ஒன்று நம்மில் பாதிப் பேர் வீட்டு அலமாரியில் இருக்கும். அதைத் தொடாதீர்கள். ஒரு வேளை மாத்திரை போதும், ரத்தத்தில் கிருமி வளராமல் போய், எந்தக் கிருமி, எந்த மருந்து என்று தெரியாமல் டாக்டர்கள் இருட்டில் தடவ வேண்டியிருக்கும்.

சரி, பக்கத்து மருந்தகத்துக்குப் போகவே கூடாதா? போகலாம். ஆனால் உட்காரும்போதே “எனக்கு பேஸ்மேக்கர் இருக்கு, அதுக்கு மேலே சிவந்திருக்கு, ஆன்டிபயாடிக்குக்கு முன்னாடி பிளட் கல்ச்சர் வேணுமா?” என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வி பரிந்துரைக் கடிதமாக மாறும். நான் அன்று கேட்கவில்லை. அந்த டாக்டர் மேல் எனக்குக் கோபம் இருந்தது. இப்போது பாதிதான் இருக்கிறது. “பெட்டி பக்கத்துல கொசு கடிச்சிருச்சு டாக்டர்” என்று ஆரம்பித்ததே நான்தான்.

தையல் போட்ட கோட்டில் மட்டும், மேலோட்டமாக, அறுவை முடிந்த சில வாரத்துக்குள் வரும் சின்னச் சிவப்புக்கு மாத்திரையே போதும் என்று டாக்டர்கள் முடிவு செய்வதுண்டு. எது மேலோட்டம், எது பைக்குள் என்று பிரித்துப் பார்ப்பது கருவிப் பிரிவின் வேலை. அந்த முடிவை நாம் எடுக்கக் கூடாது.

ஏழாம் படி: ஆஸ்பத்திரியில் நடப்பது

முதலில் வெவ்வேறு இடத்திலிருந்து குறைந்தது இரண்டு முறை ரத்தம் எடுத்துக் கல்ச்சருக்கு அனுப்புவார்கள். பிறகு எக்கோ, அதாவது ஒலி அலையால் இதயத்தைப் பார்க்கும் ஸ்கேன். நெஞ்சின் மேல் வைத்துப் பார்ப்பது போதாதென்றால் உணவுக்குழாய் வழியாகக் குழாய் விட்டு, கம்பியிலும் வால்வுகளிலும் கிருமிக் கட்டி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். சந்தேகம் தீராவிட்டால் பெட் ஸ்கேன். ரத்தத்தில் ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் வளர்ந்தால், பையில் ஒன்றும் தெரியாவிட்டாலும் கருவியைச் சந்தேகிப்பார்கள். அப்படிப்பட்டவர்களில் மூன்றில் ஒருவருக்கும் மேல் கருவியிலும் தொற்று இருக்கும்.

உறுதியானால் பெட்டி, கம்பி எல்லாவற்றையும் முழுவதுமாக எடுக்க வேண்டும். பாதி எடுப்பது, பையைக் கழுவித் தைப்பது எல்லாம் தற்காலிகம். இந்தச் செய்தியைக் கேட்டதும் எங்கள் வீட்டில் யாரும் ஏற்கவில்லை. மருந்திலேயே சரிசெய்ய முடியாதா என்று அம்மா மூன்று டாக்டர்களிடம் கேட்டார். மூவரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். இது நம் தயக்கம் மட்டும் இல்லை. அமெரிக்காவில் பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட தொற்று நோயாளிகளைப் பற்றிய ஆய்வில், 30 நாளுக்குள் கருவியை எடுத்துவிட்டவர்கள் ஐந்தில் ஒருவர்கூட இல்லை. சீக்கிரம் எடுத்தவர்களில் இறப்பு குறைவாக இருந்தது.

வைத்து ஓராண்டுக்குள் என்றால் கம்பி பெரும்பாலும் இழுத்தால் வந்துவிடும். ஆண்டுகள் ஆனால் ரத்தக்குழாய்ச் சுவரோடும் இதயத்தோடும் ஒட்டிக்கொண்டு தழும்பு வளர்ந்திருக்கும். கம்பியின் மேலாகச் செலுத்தும் லேசர் உறை அல்லது சுழலும் உறையால் அறுத்து அறுத்து விடுவிக்க வேண்டும். அப்பாவின் கம்பிக்கு வயது பதினொன்று. பெரிய சிக்கல் நூற்றுக்கு ஒன்றிரண்டு பேருக்கு வரும் என்று சொல்லிவிட்டுத்தான் கையெழுத்து வாங்கினார்கள். இதய அறுவைக் குழு தயாராக நிற்குமா, இங்கே ஆண்டுக்கு எத்தனை பேருக்கு இதைச் செய்கிறீர்கள் என்று கேளுங்கள். யாரும் தவறாக நினைப்பதில்லை.

பேஸ்மேக்கரை நம்பியே துடிக்கும் இதயம் என்றால் இடைக்காலத்துக்குத் தற்காலிகக் கம்பி வைப்பார்கள். பிறகு ஊசி மருந்து: தொற்று பையோடு நின்றிருந்தால், கருவியை எடுத்த பின் ஏறத்தாழ இரண்டு வாரம், ரத்தத்திலும் வால்வுகளிலும் என்றால் நான்கிலிருந்து ஆறு வாரம். உடம்பு தேறிவிட்டால் வீட்டிலிருந்தபடியே ஊசி மருந்தைத் தொடரும் ஏற்பாடு இங்குள்ள பெரிய அரசு மருத்துவமனைகளில் உண்டு. ரத்தத்தில் கிருமி இருந்திருந்தால், கருவியை எடுத்த பின் எடுக்கும் கல்ச்சரில் குறைந்தது 72 மணி நேரம் எதுவும் வளராதிருந்த பிறகே புதுக் கருவியை, பெரும்பாலும் மறுபக்கம், வைப்பார்கள். அதற்கு முன் ஒரு கேள்வி கேட்டார்கள், எனக்குப் பிடித்தது: இந்தக் கருவி இவருக்கு இன்னும் தேவையா? சிலருக்குத் தேவையில்லை என்று தெரிந்து, வெறும் மார்போடு வீட்டுக்குப் போகிறார்களாம்.

செலவைப் பற்றிச் சுருக்கமாக: அரசின் காப்புறுதியான மெடிஷீல்டு லைஃப், மருத்துவச் சேமிப்பான மெடிசேவ் இரண்டும் கைகொடுக்கும், எல்லாவற்றையும் அடைக்காது. சேர்ந்த முதல் நாளே மருத்துவச் சமூக ஊழியரைப் பார்க்க வேண்டும் என்று வார்டு தாதியிடம் சொல்லுங்கள். பில் வந்த பிறகு ஓடுவதைவிட இது சுலபம்.

ஊருக்குப் போகிறவர்கள் கருவி அட்டையின் நகலையும் டிஸ்சார்ஜ் அறிக்கையையும் கைப்பேசியில் ஏற்றி வையுங்கள். ஊரில் காய்ச்சல் வந்து “ஒரு ஊசி போட்டா போயிடும்” என்று சொன்னால், ஊசிக்கு முன் ரத்தம் எடுங்கள் என்று சொல்லிவிடுங்கள்.

அப்பாவுக்குப் புதுப் பெட்டி வலது பக்கம் வைத்தார்கள். ஓட்டலாம் என்று டாக்டர் சொன்ன நாளே டாக்ஸியில் ஏறி உட்கார்ந்தார். அப்போதுதான் தெரிந்தது, ஓட்டுநர் இருக்கையின் பெல்ட் நேராக அந்தப் பெட்டி மேலேதான் விழுகிறது. பெல்ட்டைப் போடாமல் இருக்க முடியாது. அம்மா சின்னத் துண்டு ஒன்றை மடித்துத் தைத்துக் கொடுத்திருக்கிறார், அதை இடையில் வைத்துக்கொள்கிறார். ஞாயிறு தோறும் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டு ஜன்னலோரம் வந்து நிற்பார்.

“எடுப்பா போட்டோ” என்பார்.